காலி இடம் எங்கே? பிட்டைக் கேளுங்க!

நண்பர்களே, கணிப்பொறிப் பாடத்தில் AND, OR எல்லாம் படிக்கிறோமே, அதெல்லாம் எதுக்குன்னு பலர் கேட்கிறாங்க. அதுக்கு ஒரு நல்ல உபயோகம் சொல்றேன்.

ஒரு புரோகிராம் நினைவகத்தில் மொத்தமாக ஓர் இடத்தை வாங்கி, சம அளவு அறைகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு மெமரி பூல் என்று பெயர். நம் கணக்குக்கு 8 அறைகள், ஒவ்வொன்றும் 64 பைட். எந்த அறை காலி என்று எப்படித் தெரியும்? ஓர் அறைக்கு ஒரு பிட் போதும்! 1 என்றால் காலி, 0 என்றால் ஆள் இருக்கு. 8 அறைக்கு ஒரே ஒரு பைட்தான் செலவு.

வலப்பக்கத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ணுங்க. நம் பைட் 01101000 என்றால் 3, 5, 6 ஆகிய அறைகள் காலி.

முதல் காலி அறையைக் கண்டுபிடிக்க:
எண் = 01101000
அதன் 2-ன் நிரப்பி = 10011000
இரண்டையும் அண்ட் செய்தால் = 00001000

பாத்தீங்களா, 3-ம் அறை மட்டும் தனியா வந்து நிக்குது! பூல் 1000-ம் முகவரியில் தொடங்கினால், அந்த அறையின் முகவரி 1000 + 3×64 = 1192.

அறையைக் கொடுத்ததும் அந்த 1-ஐ அழிக்கணும். எண்ணையும் அதைவிட ஒன்று குறைவான எண்ணையும் அண்ட் செய்யுங்க:
01101000 அண்ட் 01100111 = 01100000

திரும்ப வாங்கும்போது 00001000-ஐ ஆர் செய்தால் போதும். பைட் முழுக்க 0 ஆனால், இடமே இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்-க்குப் பதில் எக்ஸார் போடக் கூடாது. ஒரே அறையைத் தவறி இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தால், எக்ஸார் அந்த 1-ஐ மறுபடி 0 ஆக்கிவிடும். காலி அறை பூட்டியே கிடக்கும். அதனால் திரும்ப வாங்கும் முன் அந்த பிட் ஏற்கெனவே 1-ஆ என்று பார்த்து, ஆமாம் என்றால் பிழை என்று சொல்லிடணும். ஆனா நடுவில் அந்த அறையை வேறொருவர் வாங்கியிருந்தால் பிட் 0-ஆகத்தான் இருக்கும், இந்தச் சோதனையில் அகப்படாது. அவர் உள்ளே இருக்கும்போதே அறை காலி என்று பதிவாகி, மூன்றாவது ஆளுக்கும் போய்விடும். ஒருத்தர் மார்க் மேல இன்னொருத்தர் மார்க் பதிவாகிற மாதிரி! அதனால் திருப்பிக் கொடுத்த முகவரியை மறுபடி தொடவே கூடாது.

1024 அறை இருந்தாலும் 128 பைட் போதும். 32 பிட் கொண்ட எண்களாக வைத்தால், 0 ஆக இருக்கும் எண்ணை ஒரே பார்வையில் தாண்டிப் போகலாம். 1985-ல் வந்த இன்டெல் 80386 சில்லில் முதல் 1 எங்கே என்று தேடவே தனிக் கட்டளை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறையும் வட்டில் காலி இடத்தை இப்படித்தான் குறித்து வைக்கிறது. அங்கே 1 என்றால் ஆள் இருக்கு! 4096 பைட் கொண்ட ஒரு பிளாக், 32,768 பிளாக்குகளுக்கு, அதாவது 128 மெகாபைட்டுக்குக் கணக்கு வைக்கும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: பைட் 10110000. அடுத்து வருபவருக்கு எந்த அறை? கொடுத்த பிறகு பைட் என்ன? நோட்டில் போட்டுப் பாருங்க. விடை அடுத்த இதழில்!