பட்டை கூட்டினால் பலம் கூடுமா?



நிற்கும் லாரியின் பின்பக்கம் ஒரு தடவை குனிந்து பார்த்தவர்களுக்குப் பட்டை ஸ்பிரிங்கை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது பாரம் சுமக்கப் பிறந்தது. அதையே வேகத்துக்கென்று செய்த வண்டியில் மாட்டினால்?

அமெரிக்காவில் அப்படிப்பட்ட வண்டிகள் உண்டு. 1991-ல் வந்த ஜி.எம்.சி. சைக்ளோன் பிக்கப்பில் 4.3 லிட்டர் டர்போ வி6 இன்ஜின், 280 குதிரைசக்தி. ஏற்றக்கூடிய பாரமோ சுமார் 227 கிலோதான்! 2001 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8, 380 குதிரைசக்தி. இரண்டுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான்.

இதில் எனக்கு ஆர்வம் வந்ததே ஒரு தப்பினால்தான். பட்டறைப் பயிற்சியின்போது பின்பக்கம் தொய்ந்த பிக்கப் ஒன்று வந்தது. "இன்னொரு பட்டை போட்டா சரியாயிடும் அண்ணே" என்றேன். மேஸ்திரி சிரித்தார். "போடு தம்பி. காலி வண்டியா ஓட்டிப் பாரு" என்றார். மேடுபள்ளத்தில் பின்சக்கரம் துள்ளியது. ஈரமான வளைவில் வால் வெளியே போயிற்று. நல்லவேளை, எதிரில் யாரும் வரவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஸ்பிரிங்கின் விறைப்பு = 8Eநஅத³ / 3நீ³. இதில் ந பட்டைகளின் எண்ணிக்கை, அ அகலம், த தடிமன், நீ மொத்த நீளம். நீளம் 1200 மி.மீ., அகலம் 60, தடிமன் 8, நான்கு பட்டை, E 2 லட்சம் நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்தால், விறைப்பு மி.மீ.க்கு சுமார் 38 நியூட்டன். ஐந்தாவது பட்டை சேர்த்தால் 47. நான்கே பட்டையை 10 மி.மீ. தடிமனில் போட்டால் 74! இரண்டே மி.மீ.தான், விறைப்போ ஏறக்குறைய இரட்டிப்பு. விறைத்த ஸ்பிரிங் பள்ளத்தில் டயரைத் தரையோடு அழுத்தாது, தூக்கி எறியும். அன்று நான் செய்தது இதைத்தான்.

முறுக்கு எங்கே போகிறது?

லைட்னிங்கின் முறுக்குவிசை 610 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.71, பின் ஆக்சில் விகிதம் 3.73. பெருக்கினால், இழப்புகளை விட்டுவிட்டால், 6,100-க்கு மேல். சக்கரம் முன்னால் சுழலும்போது ஆக்சில் கூடு அதே விசையோடு பின்னால் திரும்பப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே எழும். பட்டை ஆங்கில 'எஸ்' எழுத்துப்போல் வளையும். டயர் வழுக்கியதும் பட்டை சட்டென்று நிமிரும். டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி வளையும். இதுதான் சக்கரத் துள்ளல். யுனிவர்சல் ஜாயின்ட்டும் புரொப்பல்லர் ஷாஃப்டும் போவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்? வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் புஷ், ஷாக்கிள், சென்டர் போல்ட் சோதனை. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், இழுபட்டது இழுபட்டதுதான்.

2. பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங். காலியாகவே ஓடும் வண்டிக்கு லாரி விறைப்பு வேண்டாம்.

3. முறுக்குத் தடுப்புக் கம்பி. ஆக்சிலுக்குக் கீழே பட்டையோடு சேர்த்து இறுக்கி, முன் கண்ணுக்கு நேர் கீழே ரப்பர் முனை நிற்கும்படி நீட்ட வேண்டும். ஆக்சில் முறுகினால் முனை எழும்பிக் கண்ணில் முட்டி நிறுத்தும். முனை பட்டையின் நடுவில் முட்டினால் பட்டையே வளைந்துவிடும், ஜாக்கிரதை! கிறைஸ்லர் நிறுவனம் 1960-களில் பந்தயக் கார்களுக்கு வேறு வழி கண்டது: ஆக்சிலை நடுவுக்கு முன்னால் தள்ளி, முன்பாதியைக் குட்டையாக்கியது. நீளம் குறைந்தால் விறைப்பு எவ்வளவு ஏறும் என்று மேலே பார்த்தோமே!

4. ஷாக் அப்சார்பர். 1968 கமாரோ காரில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தார்கள். முறுகலையும் அது தணிக்கும்.

5. உயரம் மாறினால் பினியன் கோணம் மாறும். அளந்து சரிசெய்ய வேண்டும். ஆக்சில் சட்டத்தில் இடிக்காமல் இடைவெளியும் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது: கேஸ் அடித்துப் பட்டையை வளைப்பது. பதம் போன பட்டை என்றைக்கு முறியும் என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் இதையெல்லாம் சாலை வண்டியில் செய்து பார்க்கக் கிளம்பாதீர்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். கற்றுக்கொள்வதற்குத் தடை ஏது? அடுத்த முறை யாராவது "இன்னொரு பட்டை போடு" என்றால், முதலில் பேனாவை எடுங்கள். பிறகு ஸ்பேனரை எடுக்கலாம். அன்று மேஸ்திரி சிரித்ததன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.