குறை ஆளிடமா, வேலையிடத்திலா?



அரசாங்க ஊழியர் என்றாலே ஆமை வேகம் என்று கல்லாவில் உட்கார்ந்து பேசுவது நம் வழக்கம். நானும் அப்படிப் பேசியவன்தான். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் மறுபக்கம் தெரிந்தது.

தமிழகத்தில் பெரும்பாலான ரேஷன் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. நான் நின்ற கடையில் எடை போடும் கட்டுநர் இல்லை; விற்பனையாளர் ஒருவரே. கைரேகை இயந்திரத்துக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. முதியவர்களின் ரேகை பதியவில்லை. பில் போடுவது, எடை போடுவது, வரிசைச் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கின் எடையே அரைக் கிலோவுக்கு மேல் என்பது நாம் அறிந்ததே. கிடங்கிலிருந்து வரும் மூட்டை எடை குறைந்திருந்தால், இருப்புச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பிறகு முகம் எப்படி மலரும்?

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1959-இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டாகப் பிரித்தார். சம்பளம், வேலையிட வசதி, மேற்பார்வை ஆகியவற்றில் குறை இருந்தால் மனக்கசப்பு வளரும். ஆனால் இவை சரியானால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. செய்த வேலைக்கு மதிப்பும், நம்பி ஒப்படைக்கும் பொறுப்புமே ஊக்கம் தரும் என்றார்.

வீடு திரும்பியதும் என் கடை நினைவுக்கு வந்தது. பில் எழுதும் தம்பி மாலையானால் கூட்டலில் தவறுவான். அவனுக்கு முன் இருந்தவரை இதே குறைக்காக வேலையிலிருந்து நிறுத்தியிருந்தேன். மறுநாள் அந்த இடத்தில் நானே நின்று பார்த்தேன். விளக்கு முதுகுப்பக்கம், என் நிழலே பில் புத்தகத்தில் விழுந்தது. காலையிலிருந்து நின்ற கால் வேறு. விளக்கை முன்னால் மாற்றி, ஒரு ஸ்டூலும் போட்டேன். தவறுகள் வெகுவாகக் குறைந்தன. முன்பு அனுப்பியவரை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

ஸ்டூல் போடுவது நம் தயவு அன்று. கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்யப்பட்டது.

ஆகவே, ஆளைக் கடிந்துகொள்ளுமுன் நான்கைக் கவனியுங்கள்:

1. சரக்கை எடை பார்த்து ஒப்படைத்தோமா?
2. ஒருவர் செய்யக்கூடிய வேலையா?
3. வெளிச்சம், இருக்கை, தராசு சரியா?
4. நல்ல வேலையைப் பாராட்டினோமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில வேளை கூடமே கோணலாக இருப்பதும் உண்டு. அதை நிமிர்த்த வேண்டியது முதலாளியின் கடமை.