ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம்

நிகாஹ், மதரஸா ஆண்டு விழா, பயான் என்று ஊரில் எது நடந்தாலும் மைக் செட் கட்டுவது நம் இளைஞர்கள்தாம். மேசைமேல் இருக்கும் மிக்ஸரை நன்றாகவே கையாளுகிறார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோவது பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில் மாட்டிய வயரால்தான். எனவே இந்த இதழில் அந்தப் பின்பக்கத்தைப் பார்ப்போம்.

ஸ்பீக்கர் பாக்ஸின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை. கூட்டம் அதிகம் என்று ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு வயர் இழுக்கிறோம் அல்லவா, பள்ளிக்கூடத்தில் படித்த பக்க இணைப்பு அதுதான். 8 ஓம் பாக்ஸ் இரண்டு இப்படிச் சேர்ந்தால் 4 ஓம். நான்கு சேர்ந்தால் 2 ஓம். பாக்ஸ் கூடக்கூடத் தடை குறைகிறது. மேல்நிலைத் தொட்டியில் ஒரு குழாய்க்குப் பதில் நான்கைத் திறந்துவிட்டது போல. ஒரு சேனலுக்குக் குறைந்தது 4 ஓம் என்று ஆம்ப்ளிஃபயரில் அச்சிட்டிருக்க, நான்கு பாக்ஸையும் அதே சேனலில் மாட்டினால் கருவியிடம் இருமடங்கு மின்னோட்டம் கேட்கிறோம். நல்ல கருவி சூடேறித் தானே நின்றுவிடும். பாதுகாப்பு இல்லாத கருவியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அதுவரை சத்தம் பிரமாதமாகத்தான் இருக்கும், ஏமாறுவது அதில்தான். இரண்டு பாக்ஸ் ஒரு சேனலில், இரண்டு மற்றதில் என்று பிரித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பிரிட்ஜ் என்ற சுவிட்சைத் தொடுமுன் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு சேனல்களும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்போது, 8 ஓம் பாக்ஸ் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓமாகத் தெரியும். சாதாரண நிலையில் 4 ஓம் வரை தாங்கும் கருவிக்கு பிரிட்ஜில் 8 ஓமுக்குக் குறைவாக மாட்டக்கூடாது.

மேடைப் பாக்ஸுக்கு இந்தக் கணக்கு. தெரு முனைவரை ஹாரன் கட்டவும், மாடியில் பெண்கள் பகுதிக்கு ஸ்பீக்கர் கொண்டுபோகவும் 100 வோல்ட் லைன்தான் சரி. 100 வாட்ஸை 4 ஓம் பாக்ஸுக்கு அனுப்ப 5 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட் லைனில் 1 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது அதே வயரில் 25 மடங்கு வித்தியாசம்! பெண்கள் பகுதியில் எதுவும் கேட்கவில்லை என்ற புகார் எனக்கு அடிக்கடி வருகிறது. மெல்லிய வயரில் ஐம்பது மீட்டர் இழுத்து, கடைசியில் ஒரு பழைய பாக்ஸை வைத்தால் எப்படிக் கேட்கும்?

இந்த லைனில் ஓம் கணக்கு வேண்டாம், வாட்ஸைக் கூட்டினால் போதும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 10 வாட்ஸில் எட்டு ஸ்பீக்கர் மாட்டினால் 80 வாட்ஸ். 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் நிம்மதியாக ஓட்டும். முழு நூறும் ஏற்ற வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் பாக்ஸை இந்த லைனில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். காமன், 4, 8, 16 ஓம், 70, 100 வோல்ட் என்று வரிசையாக முனைகள் இருந்தால், காமனோடு வேறொரு முனையை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இரைச்சல் நிற்கலாம்தான். ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், கருவியின் உலோக உடலிலிருந்து மைக் கேபிள் வழியாக மைக் வரை மின்சாரம் வந்துவிடும். மைக்கைப் பிடிப்பவர் உளூச் செய்த ஈரம் காயாத கையோடு வெறுங்காலில் நிற்பார். எர்த்தைக் கழற்றவே கூடாது. மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்தாலே பெரும்பாலான இரைச்சல் அடங்கும். மிச்சம் இருந்தால் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிள் போட்டுப் பாருங்கள். மண்டபத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிய பிறகு செட்டைப் போடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு கிளிப் விளக்கு எப்போதாவது மின்னினால் பரவாயில்லை. விடாமல் எரிந்தால் மிக்ஸரில் குறையுங்கள், இல்லாவிட்டால் முதலில் ட்வீட்டர் போகும். போடும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல். அப்போது 'டப்' என்ற சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாது.