மின்கலக் காவலன்: அனலாக்கா, மைக்ரோகண்ட்ரோலரா?

டில்லியில் நம் விடுதி நண்பர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று உண்டு. அதன் முகப்பில் அவர் ஒரு காமிராவைப் பொருத்தினார். வண்டி நிற்கும்போதும் அது விழித்திருந்து படம் பிடிக்கும், மின்கலத்தையும் உறிஞ்சும். மின்கலம் தளர்ந்தவுடன் காமிராவைத் துண்டிக்க ஒரு சிறு பெட்டி செய்து தருமாறு என்னைக் கேட்டார். அனலாக் சுற்றா, மைக்ரோகண்ட்ரோலரா என்ற வினா அப்போதுதான் எழுந்தது. நான் இரண்டையும் செய்து பார்த்தவன், ஒன்றில் தோற்றவனுங்கூட.

12 வோல்ட் ஈய-அமில மின்கலம் நிறைந்து ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்ததென்று பொருள். எஞ்சின் ஓடுகையில் 14-ஐ ஒட்டி நிற்கும். 12-இல் துண்டிக்க எல்.எம். 393 என்னும் ஒப்பீட்டுச் சில்லு போதுமென்று கருதினேன். முதல் நாளே ரிலே பல்லிபோலக் கத்தத் தொடங்கிற்று. காமிரா நின்றதும் சுமை நீங்கி அழுத்தம் ஏறும்; உடனே இணையும்; மீண்டும் இறங்கும். வெளிமுனையிலிருந்து உள்முனைக்கு ஒரு மின்தடையைக் கொடுத்து, 13.2 வோல்ட் வந்தாலன்றி இணையாதபடி செய்தேன். கத்தல் நின்றது. இதுவரை அனலாக் சுற்றுக்கு நிகரில்லை. மலிவு, எளிமை, நிரல் எழுதும் தொல்லையும் இல்லை.

அடுத்த குறை வேறு. ஹாரனை ஒருமுறை அழுத்தினால் அழுத்தம் கணநேரம் சரியும், காமிரா அணைந்துவிடும், எஞ்சினைக் கிளப்பும்வரை விழிக்காது. ஒரு நிமிடம் தொடர்ந்து தாழ்ந்திருந்தால் மட்டுமே துண்டிக்கவேண்டும் என்று, பெரிய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரையும் 10 லட்சம் ஓம் மின்தடையையும் சேர்த்தேன். இங்குதான் வழுக்கினேன். அத்தடை வழியே வருவது பத்துப் பன்னிரண்டு மைக்ரோ ஆம்பியர். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் கண்டென்சரின் கசிவு அதற்கு ஈடாக வளர்ந்துவிட்டது. ஒரு நிமிடம் முடியவே இல்லை. பெட்டி துண்டிக்கவும் இல்லை. ஊரிலிருந்து வந்த தாயாரை மாலையில் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரப் புறப்பட்ட நண்பர், கிளம்பாத வண்டியின் முன் நின்றார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிதாகச் சுட்டது.

பிறகு எட்டுக் கால்கள் கொண்ட ஏடிடைனி 85-ஐ எடுத்தேன். நொடிக்கொருமுறை அழுத்தத்தை அளந்து, அறுபது முறை தொடர்ந்து தாழ்ந்திருந்தால் துண்டிக்கும். அதன் உள் கடிகாரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிசகினாலும் கவலையில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் சுழலும்போது அழுத்தம் வெகுவாய்ச் சரிய, சில்லு பாதி உறக்கத்தில் திகைத்து நின்றது. குறை அழுத்தத்தில் தானே மீளத் தொடங்கும் வசதி அதிலேயே உண்டு. நான்தான் அதை இயக்காமல் விட்டிருந்தேன். ரிலேயையும் கழற்றி மாஸ்பெட் வைத்தேன். ரிலேயின் சுருள் ஏறக்குறைய 140 மில்லி ஆம்பியர் குடித்தது. ஒரு நாளில் 3 ஆம்பியர்-மணிக்கு மேல்! காவலனே களவாடிய கதை.

எதைத் தேர்ந்தாலும் வாயிலில் பியூஸும், மின்முனை மாறினால் தடுக்கும் டையோடும், மிகை அழுத்தத்தைத் தாங்கும் டி.வி.எஸ். டையோடும் வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மின்கலக் கம்பி கழன்றால் ஆல்டர்னேட்டர் பல பத்து வோல்ட்டுகளை வீசும். முப்பத்தைந்து வோல்ட்டளவே தாங்கும் சில்லுகள் அதற்கு முன் எம்மாத்திரம்?

சென்ற வாரம் அதே நண்பர் திருப்ப விளக்கைச் சிமிட்டவைக்கும் சுற்று கேட்டார். நிமிடத்துக்கு 80 முறை 85 ஆனால் யாருக்கும் நட்டமில்லை. 1972-இல் வெளிவந்த 555 சில்லையே எடுத்தேன்.