சின்னத் தட்டுகளும் முந்திரிப் பழமும்

ரஞ்சன்குடி கோட்டையைத் தாண்டிக் கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரிக்காடுதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். குழந்தைகள் உப்புத் தொட்டுத் தின்றது போக மீதி மண்ணுக்கு. அந்தப் பழத்துக்குச் சாப்பாட்டு மேஜையில் எவ்வளவு மரியாதை என்று கோவாவின் பனாஜியில்தான் பார்த்தேன்.

1510-இல் பிடித்த கோவாவைப் போர்த்துக்கீசியர் 1961 டிசம்பரில்தான் விட்டுப் போனார்கள். பனாஜியில் அவர்களுடைய பழைய குடியிருப்பான ஃபொன்டைனாஸில், மஞ்சளும் நீலமுமாகச் சுவர் பூசிய வீடுகளுக்கு நடுவே இன்றைக்குச் சின்னச் சின்ன உணவகங்கள் இருக்கின்றன. போர்ச்சுகலில் பெட்டிஸ்கோ என்பார்களே, ஆளுக்கொரு தட்டு என்றில்லாமல் நாலைந்து சின்னத் தட்டுகளை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவது, அந்த முறை இங்கே கோவாக் கைமணத்தோடு நடக்கிறது.

முதலில் நேரம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிட்டு மாலை ஏழு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். நாலு மணிக்குப் பசியோடு போய் நிற்காதீர்கள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லிவிடவும் வேண்டாம். இரண்டிரண்டு தட்டாகக் கேளுங்கள். பொரித்தது சூடு ஆறினால் பாதி ருசி போய்விடும்.

பொரித்ததில் ரிசோல்தான் எனக்கு முதல். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிக் கிளறுகிறார்கள், கொழுக்கட்டைக்கு நாம் செய்வதைப் போலவே, ஆனால் கோதுமை மைதாவில். அதைத் தேய்த்து, பாலில் குழைந்த இறாலை உள்ளே வைத்து அரைவட்டமாக மூடி, முட்டையில் தோய்த்து ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மேலே மொறுமொறுவென்று உடைந்து உள்ளே வெண்ணெயாக இறங்கும். காரம் கிடையாது. ஆகவே அதை முதலில் சாப்பிட வேண்டும். அடுத்துச் சொல்லப்போகும் காரமான சொரிசோவுக்குப் பிறகு சாப்பிட்டால் சப்பென்றிருக்கும்.

சொரிசோ பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. மிளகாய், பூண்டு, கள்ளுக்காடி சேர்த்து அடைத்து, ஜெபமாலை மணிகள் மாதிரி முடிச்சு முடிச்சாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். நம் ஊர் ஆள் வெறுமனே எடுத்து வாயில் போட்டால் திணறிப்போவார். தவிடு கலந்த 'போய்' ரொட்டியைப் பிய்த்து, சொரிசோவிலிருந்து வடியும் எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மிளகாயும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் இறங்கியவை. காடியில் ஊறவைக்கும் பழக்கமும் அவர்களுடையதே. அந்த ஒரு தட்டில் கோவாவின் நானூற்றைம்பது வருஷமும் இருக்கிறது என்பேன். சைவக்காரர்கள் காளான் ஷாகுத்தி கேட்கலாம். தேங்காய் வறுத்து அரைத்த குழம்பு, நமக்கு அந்நியமாகவே இராது.

இனி குடிப்பதற்கு. கோவாவில் போர்ட் என்று மலிவாக விற்கிற இனிப்பு ஒயின் வேறு, 1756-இல் எல்லை வகுத்த, போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கின் போர்ட் வேறு. பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். திராட்சை ஒயின்தான் வேண்டுமென்றால் நாசிக் வெள்ளை ஒயின் பொரித்ததற்கு நன்றாகச் சேரும். ஆனால் அந்த மண்ணின் சரக்கு முந்திரிப் பழத்திலிருந்து வருகிறது. பழத்தை நசுக்கிப் பிழிந்த பிறகு, சக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவது நீரோ. போதை கிடையாது, குழந்தைகளுக்கும் தரலாம். சாறு புளித்த பிறகு ஒரு முறை காய்ச்சினால் உராக். எலுமிச்சை சோடா, உப்பு, கீறின பச்சை மிளகாய் போட்டுத் தருவார்கள். இரண்டாம் முறை காய்ச்சினால் ஃபெனி. 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது. சுமார் 42 சதவீதச் சாராயச் சத்து, ஆகவே கொஞ்சமாக, சாப்பாட்டோடு. வாடகை ஸ்கூட்டரில் வந்தவர்கள் தொடவே கூடாது.

எங்களோடு வந்த சித்தப்பாவுக்கு ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு இருக்கிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர், "டேய், நம்ம காட்டுல பழம் அழுகற வாசனைடா இது!" என்றார். அப்புறம் சாப்பாட்டை விட்டுவிட்டு, பழம் பிழிகிற கல்லைப் பற்றியும் ஒரு மரத்துக்கு எவ்வளவு சாறு என்பதைப் பற்றியும் பரிமாறுகிற பையனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சாராயம் நமக்கு வேண்டாம், நீரோவையாவது ஜெயங்கொண்டத்தில் வடித்து விற்கலாமே என்பது அவர் எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான். இத்தனை பழம் மண்ணில் கிடப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

நீரோவும் உராக்கும் குடிக்க வேண்டுமென்றால் மார்ச் முதல் மே வரைக்குள் போங்கள். மழை இறங்கிவிட்டால் ஃபெனி மட்டும்தான். கடைசித் தட்டுக்கு பெபிங்கா: தேங்காய்ப்பாலும் முட்டைக் கருவும் சேர்த்து, ஒவ்வொரு அடுக்காக மேல்சூட்டில் சுட்டெடுத்தது. இருவருக்கு ஒரு துண்டு போதும்.