வெளிச்சம் தேடும் வீடுகள்: அமெரிக்க நாடகங்களில் குறியீடும் குடும்ப ஏமாற்றமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வேதியியல் படிக்கும் எங்களுக்குக் குறியீடு என்றால் ஐயமே எழுவதில்லை. ‘எச்’ என்று எழுதினால் ஹைட்ரஜன். ‘ஓ’ என்று எழுதினால் ஆக்சிஜன். எந்த நாட்டில் எழுதினாலும் பொருள் ஒன்றுதான். நாடகத்தில் வரும் குறியீடு அத்தகையதன்று. முதற் காட்சியில் ஒன்றைச் சொன்ன அதே பண்டம் இறுதிக் காட்சியில் வேறொன்றைச் சொல்லும். பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்ல இயலாததை அது அவர்களுக்காகச் சொல்லும். குடும்பத்தைப் பற்றிய நாடகங்களில் இதற்குத் தேவை மிகுதி. சொல்லப்படாத சொற்கள் மிகுதியாக இருக்கும் இடம் வீடுதானே!

அமெரிக்க மேடையில் புகழ்பெற்ற மூன்று நாடகங்களைக் கொண்டு இதனைக் காண்போம். டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘தி கிளாஸ் மெனாஜரி’ (1944), ஆர்தர் மில்லர் எழுதிய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949), லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959) என்பன அவை. மூன்றிலும் வருவது வாடகைக்கோ கடனுக்கோ அஞ்சி வாழும் குடும்பம். மூன்று வீடுகளிலும் வெளிச்சம் போதவில்லை என்பது வியப்பான ஒற்றுமை.

கண்ணாடிக் குதிரை

முதல் நாடகம் செயின்ட் லூயிஸ் நகரில், 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் நிகழ்கிறது. அமாண்டாவின் கணவன் குடும்பத்தை விட்டு ஓடிப்போனவன். அவனுடைய பெரிய புகைப்படம் மட்டும் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது. மகன் டாம் செருப்புக் கிடங்கில் வேலை பார்க்கிறான். மகள் லாராவுக்குக் கால் ஊனம், கூச்ச சுபாவம். ஐம்பது டாலர் கட்டணம் கட்டி அவளைத் தட்டச்சுப் பள்ளியில் சேர்க்கிறாள் தாய். முதல் வேகத் தேர்விலேயே லாராவுக்கு உடல் நடுங்கிக் குமட்டல் வந்துவிடுகிறது. பிறகு அவள் பள்ளிக்கே போவதில்லை. ஆனால் நாள்தோறும் நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிறாள். தாயின் முகத்தில் ஏமாற்றத்தைக் காணும் துணிவு அவளுக்கு இல்லை.

லாரா சேர்த்து வைத்திருக்கும் கண்ணாடிப் பொம்மைகளுள் ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று உண்டு. டாம் அழைத்து வரும் ஜிம் என்ற இளைஞனிடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறாள். கண்ணாடி தானாக ஒளிர்வதில்லை; பிறர் ஒளி பட்டால்தான் மின்னும் என்பது நாம் அறிந்த அறிவியல். அன்றிரவோ வீட்டில் மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தியே துணை. மின்கட்டணப் பணத்தை டாம் கப்பல் தொழிலாளர் சங்கச் சந்தாவாகக் கட்டிவிட்டான். வீட்டின் வெளிச்சமே அவன் தப்பிச் செல்லும் வழிச்செலவாகிவிட்டது!

இருவரும் ஆடும்போது குதிரையின் கொம்பு உடைகிறது. லாரா வருந்தவில்லை. இனி அது மற்றக் குதிரைகளைப் போல் ஆகிவிட்டது என்று தேறுகிறாள். அந்தச் சில நிமிடங்கள் அவளும் மற்றப் பெண்களைப் போல் ஆகிறாள். தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று ஜிம் சொன்னதும், உடைந்த குதிரையை அவனுக்கே நினைவுப் பொருளாகக் கொடுத்துவிடுகிறாள். முதலில் அவளுடைய தனிமையைக் குறித்த பொம்மை, பிறகு அவளுடைய நம்பிக்கையைக் குறித்து, இறுதியில் அந்நம்பிக்கையையே ஏந்திக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறுகிறது.

நிழலில் போட்ட விதை

மில்லரின் நாடகம் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கில் அரங்கேறி 742 முறை நடைபெற்றது. ஜோ மீல்சினர் அமைத்த மேடையில் வீடு வெறும் எலும்புக்கூடாகத் தெரியும். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கும். இந்த வீட்டின் தலைவன் வில்லி லோமன், அறுபதைக் கடந்த விற்பனையாளன். ஊர் ஊராகக் காரில் சென்று சரக்கு விற்றவனை, விற்பனை குறைந்த காலத்தில் நிறுவனம் கைவிடுகிறது.

மனைவி லிண்டா தன் பழைய காலுறையைத் தைத்தால் வில்லிக்குச் சினம் பொங்குகிறது. காரணம் பின்னரே விளங்குகிறது. பாஸ்டன் நகரில் வேறொரு பெண்ணுக்குப் புதிய காலுறைகளைப் பரிசளித்தவன் அவன். அதை நேரில் கண்டவன் மூத்த மகன் பிஃப். கணிதத்தில் நான்கு மதிப்பெண் குறைந்து தவறியதால், ஆசிரியரிடம் பேச அப்பாவை அழைத்துப் போகலாம் என்று நம்பி அங்கே வந்தவன் அவன். அன்று அவன் இழந்தது நான்கு மதிப்பெண்ணை மட்டுமன்று.

நாடகத்தின் இறுதியில் வில்லி இரவில் டார்ச் விளக்குடன் கொல்லையில் காய்கறி விதைகளை ஊன்றுகிறான். கட்டட நிழலில் வெயிலே விழாத மண் அது. ஒளியின்றிச் செடி உணவு தயாரிக்க இயலாது; விதை முளைத்தாலும் நிலைக்காது. தன் கையால் இவ்வுலகில் ஒன்றேனும் வளர்ந்து நிற்க வேண்டும் என்ற தவிப்பே அது. அந்நேரத்தில்தான் பிஃப், “நாம் சாதாரண மனிதர்கள், என்மேல் கட்டிய கனவை இறக்கி வையுங்கள்” என்னும் பொருள்பட மன்றாடி அழுகிறான். தந்தையோ அந்தக் கண்ணீரில் இருந்த அன்பை மட்டும் எடுத்துக்கொண்டு உண்மையை விட்டுவிடுகிறார். இருபதாயிரம் டாலர் காப்பீட்டுப் பணம் மகனை உயர்த்தும் என்று நம்பி உயிரை விடுகிறார். வீட்டுக்கடனின் கடைசித் தவணை கட்டி முடிந்தது அவரை அடக்கம் செய்த நாளில்!

நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ஒரு தாளில் தவறிவிட்டு, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று விடுதியில் உறங்காமல் கிடந்த நண்பர்களை நாம் அறிவோம். பிஃபின் அழுகை நமக்குப் புரிவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

சன்னலோரச் செடி

மூன்றாவது நாடகம் சிகாகோவின் தென்பகுதியில் நெருக்கடியான குடியிருப்பில் வாழும் யங்கர் என்னும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேயில் அரங்கேறிய முதல் நாடகம் இதுவே. இறந்த தந்தையின் காப்பீட்டுத் தொகை பத்தாயிரம் டாலர் வருகிறது. தாய் லீனா 3,500 டாலரை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறாள். மீதி 6,500 டாலரை மகன் வால்டரிடம் ஒப்படைக்கிறாள். அதில் 3,000 டாலர் மகள் பெனீத்தாவின் மருத்துவப் படிப்புக்கு. அவனோ முழுவதையும் மதுக்கடை வியாபாரத்துக்கென்று நண்பனிடம் தர, நண்பன் பணத்துடன் மறைந்துவிடுகிறான். தங்கையின் படிப்பும் சேர்ந்து போயிற்று.

அவ்வீட்டில் இருப்பது ஒரே ஒரு சிறிய சன்னல். அதனருகே லீனா ஒரு நோஞ்சான் செடியை வளர்க்கிறாள். போதிய வெயில் கிடைக்காவிட்டாலும் அது சாகவில்லை. வெள்ளையர் வாழும் பகுதிக்கு வர வேண்டாம் என்று பணம் தர ஓர் ஆள் வருகிறான். முதலில் அதை வாங்கத் துணிந்த வால்டர், தன் மகன் கண்ணெதிரே நின்றபோது மறுத்துவிடுகிறான். எல்லாரும் வெளியேறிய பின் லீனா திரும்பி வந்து செடியை எடுத்துக்கொண்டு போகிறாள். புதிய வீட்டில் அமைதி காத்திருக்கவில்லை. ஹான்ஸ்பெரி சிறுமியாக இருந்தபோது அவருடைய குடும்பமே வெள்ளையர் பகுதியில் குடியேறி எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

முடிவுரை

இந்த ஏமாற்றங்களுக்குத் தனிமனிதரின் தவறு மட்டுமே காரணம் அன்று. பொருளாதார மந்தமும், முதுமையைத் தள்ளிவிடும் வணிகமும், நிறவெறியும் வெளியே நின்று வெளிச்சத்தை மறைக்கின்றன. ஆயினும் மூன்று குடும்பங்களின் முடிவு ஒன்றன்று. டாம் உண்மையைப் பேசாமல் ஓடுகிறான். தமக்கையின் நினைவு அவனைத் துரத்துகிறது. பிஃப் பேசுகிறான், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. வால்டர் தன் தோல்வியைத் தாயின் முன் ஒப்புக்கொள்கிறான். அவள் கடிந்தும் அவனைக் கைவிடவில்லை. அதற்கேற்பவே கண்ணாடி உடைகிறது, விதை புதைகிறது, செடி மட்டும் பயணம் போகிறது.

ஏமாற்றம் ஒரு குடும்பத்தை அழித்துவிடுவதில்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்ல முடியாத நிலையே அழிக்கிறது. நம்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை அன்பால் வந்தது. அந்த அன்புக்கு நாம் செலுத்தும் முதற்கடன் வெற்றியன்று, உண்மையே. இதுவே இம்மூன்று நாடகங்களும் எனக்குக் கற்பித்த பாடம். நம் நூலகத்தில் இவற்றுள் ஒன்றேனும் கிடைத்தால், நண்பர்கள் தேர்வுக்காக அன்றித் தமக்காகப் படிக்க வேண்டுகிறேன்.