ஆசிரியரைக் காணப் புறப்படுமுன்

சிங்கப்பூரில் வியாபாரம் செய்துவரும் நம் சகோதரர்கள், சரக்கு வந்திறங்கும் நாளில் கடையைவிட்டு அசையமாட்டார்கள். மூட்டையைப் பிரித்து, எடை பார்த்து, பட்டியலோடு ஒத்துப்பார்த்த பின்னரே ஒப்பமிடுவார்கள். ஆனால் அதே கை, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாளில் மட்டும் படித்துப் பாராமலே ஒப்பமிட்டு விடுகிறது. அத்தாள்களுள் ஒன்றைப் பற்றியும், அது வருமுன் ஆசிரியரைக் கண்டு பேசவேண்டிய முறையைப் பற்றியும் இங்கே கவனிப்போம்.

தொடக்கப்பள்ளி 4-ஆம் வகுப்பின் முடிவில், ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கில் எதை வழக்கமான நிலையில் படிப்பது, எதை அடிப்படை நிலையில் படிப்பது என்று பள்ளி ஒரு யோசனை சொல்லும். யோசனைதான் பள்ளியுடையது, தேர்ந்தெடுப்பது பெற்றோருடைய பொறுப்பு. 5-ஆம் வகுப்பு முடிந்தபின் 6-ஆம் வகுப்புக்கு உரியதைப் பள்ளியே தீர்மானித்துவிடும்.

இதன் கணக்கை வியாபாரிகள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். 2021 முதல் பி.எஸ்.எல்.இ. தேர்வில் பாடம் ஒன்றுக்கு 1 முதல் 8 வரை அடைவுநிலை தருகிறார்கள். எண் குறையக் குறையச் சிறப்பு. நான்கு பாடங்களையும் கூட்டி வரும் தொகையைக் கொண்டே உயர்நிலைப்பள்ளியில் இடம். அடிப்படை நிலையில் 75-உம் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைக்கும் கணக்கில் 6-தான் வரும். 30 முதல் 74 வரை 7. வழக்கமான நிலையிலோ, 45 முதல் 64 வரை வாங்கினாலே 6. 20 முதல் 44 வரை 7. ஆகவே 50 வாங்கும் பிள்ளையைப் பயந்துபோய்க் கீழே இறக்குவது நஷ்டம். 25-இல் தத்தளிக்கும் பிள்ளையை, உறவினர் என்ன சொல்வார்களோ என்று மேலேயே நிறுத்தி வைப்பதும் நஷ்டமே. அடிப்படை நிலையில் 30 எடுத்தால் அதே 7 கிடைக்கும், பாடமும் புரியும். நம் பிள்ளை இவ்விரண்டில் எந்த ரகம் என்பதை வகுப்பாசிரியரே நன்கு அறிவார்.

பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோர் சந்திப்பு மே மாத இறுதியில் நடைபெறுகிறது. கிடைப்பது சில நிமிடமே; வாசலில் அடுத்தவர் காத்திருப்பார். 2023 முதல் எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லையாதலால், பிள்ளை பின்தங்குவது தகப்பனாருக்கு வருஷக் கடைசியில்தான் தெரியவரக்கூடும். எனவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தனியாக ஒரு சந்திப்பு கேட்டு வாங்குவது நலம். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சலிலோ, பிள்ளையின் கையேட்டிலோ, பள்ளி அலுவலகம் மூலமாகவோ நான்கு வரி போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தப் பாடத்தைப் பற்றி, நமக்குத் தோதான இரண்டு மூன்று நேரங்கள். ஜும்ஆ வேளையை நாமே தவிர்த்துக் குறிப்பிட்டுவிடலாம். ஆசிரியரின் சொந்தக் கைபேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்தலாகாது. அதனைத் தரும் கடமை அவருக்கில்லை என்று கல்வி அமைச்சு 2024-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

போகுமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பிள்ளையின் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மை எங்கே திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது? கூட்டல் கழித்தல் சரியாயிருந்து, வாக்கியக் கணக்கு மட்டும் தவறுமானால், குறை கணிதத்திலன்றி ஆங்கில வாசிப்பில் இருக்கக்கூடும். இதை ஆசிரியரிடம் கேட்டேயாக வேண்டும். பிள்ளையின் தாயாரிடமும் கேளுங்கள். அவர் அறிந்ததில் பாதிகூட நாம் அறியோம். இயன்றால் இருவருமே செல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர், பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது நம்மிடையே பெருவழக்கு. இதைவிடப் பெரிய பிழை வேறில்லை. தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளை முழுவதும் சொல்லும்? பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அல்லது தமிழாசிரியர் உடனிருக்க இயலுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஆசிரியரிடம் நாம் சொல்லவேண்டியவையும் உண்டு. பிள்ளை இரவு 10 மணிவரை கடையில் உட்கார்ந்திருப்பது, தகப்பனார் கொள்முதலுக்காக ஊருக்குப் போய் இரண்டு மாதமாவது, நோன்பு காலத்தில் உடற்பயிற்சி வகுப்பில் சோர்வது எல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? "கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த நம் முன்னோர் காலம் போய்விட்டது. பள்ளியில் ஆசிரியர் செய்யப்போவது என்ன, வீட்டில் நாம் செய்யவேண்டியது என்ன என்று கேட்டு, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் சென்றபின், மாற்றம் தெரிகிறதா என்று ஒரு வரி எழுதிக் கேட்டால், படிவம் வரும்போது பேனாவை எடுக்கத் தயக்கமிராது.